குரலைத் தேடி வந்து கதையைக் கேட்டவர்கள்

பாட்டுப் போட்டிகளுக்கு உலகில் பஞ்சமில்லை. பாடத் தெரிந்த இளைஞர்களைக் கூட்டி, நடுவர் சிலரை எதிரில் அமர்த்தி, வாரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, கடைசியில் எஞ்சி நிற்பவருக்குப் பணமுடிப்பையோ இசைத்தட்டு ஒப்பந்தத்தையோ வழங்கும் நிகழ்ச்சிகளை எல்லா நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் காண்கிறோம். 2011, 2012 ஆகிய ஈராண்டுகளில் அமெரிக்காவின் ஆக்சிஜன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி கிளீ பிராஜெக்ட்’ வெளித்தோற்றத்தில் அவற்றுள் ஒன்றுதான். ஆனால் அதன் பரிசு பணமன்று, ஒரு பாத்திரம். அதுவும் எழுதி முடிக்கப்பட்ட பாத்திரமன்று. வெற்றி பெற்றவரைப் பார்த்து இனிமேல்தான் எழுதப்பட வேண்டிய பாத்திரம். அந்நிகழ்ச்சியின் சிறப்பு, குறை இரண்டுமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம்.

பாத்திரம் இடம்பெறவிருந்த ‘கிளீ’ என்னும் இசைத்தொடரைப் பற்றி முதலில் சில சொற்கள். 2009 மே மாதம் பாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2015 மார்ச்சு மாதம் 121 அத்தியாயங்களுடன் நிறைவுற்ற தொடர் அது. ரையன் மர்ஃபி, பிராட் ஃபால்சக், இயன் பிரென்னன் ஆகிய மூவர் அதனை உருவாக்கினர். ஒஹையோ மாநிலத்து லைமா நகரில் ஒரு கற்பனை உயர்நிலைப் பள்ளி. அப்பள்ளியில் எவரும் மதிக்காத ஒரு பாடகர் குழு. அக்குழுவில் ஏதோ ஒரு காரணத்தால் சக மாணவர்களால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள். கதை இவ்வளவுதான். 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இருமுறை சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான கோல்டன் குளோப் விருது அதற்குக் கிடைத்தது. தொடக்கத்தில் அதில் இருந்த கூரிய கிண்டல் பின்னாளில் மழுங்கிப் போயிற்று. வாரம் ஒரு சமூகச் சிக்கலை எடுத்து, அதற்கொரு பாத்திரத்தைப் பொருத்தி, இரண்டு பாட்டுக்குள் தீர்வு சொல்லிவிடும் பழக்கம் அதனைப் பற்றிக்கொண்டது. புதிய சிக்கல் வேண்டுமென்றால் புதிய பாத்திரம் வேண்டுமல்லவா? அந்தத் தேவையும் போட்டிக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

போட்டியின் நடைமுறை எளியது. முதல் ஆண்டில் 12 பேர், அடுத்த ஆண்டில் 14 பேர் என இளைஞர்களும் இளம்பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாரந்தோறும் ஒரு தலைப்பு. தனித்தன்மை, நாடகத்தன்மை, மனம் திறத்தல், நடனம், இணைந்து நடித்தல், விடாமுயற்சி என்று அவை அமையும். தலைப்புக்கேற்ற பாடலொன்றை எல்லோரும் சேர்ந்து பாடிக் காட்டுவதற்கு ‘வீட்டுப்பாடம்’ என்று பெயர். கிளீ தொடரின் நடிகர் ஒருவர் விருந்தினராக வந்து, அதில் சிறந்தவரைச் சொல்லிச் செல்வார். பிறகு வேறொரு பாடல் ஒலிப்பதிவாகிப் படமாக்கப்படும். அதில் பின்தங்கியவர்களாக நடுவர்கள் கருதும் மூவர், வார இறுதியில் ரையன் மர்ஃபியின் முன் தனித்தனியே நின்று பாட வேண்டும். அதன்பின் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். மூவரும் ஒருவர்பின் ஒருவராகச் சென்று அதில் தம் பெயரைத் தேடுவார்கள். பெயர் இல்லாதவர் விடைபெற வேண்டியதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவது முறை. இந்நிகழ்ச்சியில் பொதுமக்கள் வாக்கு வெற்றியாளரைத் தீர்மானிக்கவில்லை. எந்த ஊர்க்காரர் மிகுதியாக வாக்களித்தார், யாருக்கு உறவினர் அதிகம் என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை. நடுவர்களாக அமர்ந்த மூவரும் கிளீ தொடரில் அன்றாடம் உழைத்தவர்கள்: நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் ராபர்ட் உல்ரிச், நடன அமைப்பாளர் ஸாக் வுட்லீ, பாடகர்களின் குரல்பதிவைக் கவனித்த நிக்கி ஆண்டர்ஸ். ஆகவே அவர்களது குறைகூறலில் அலங்காரச் சொற்கள் குறைவு. கைத்தொழில் தெரிந்தவர் பேசும் பேச்சு அது. ஒலிப்பதிவு அறைக் காட்சிகளை நான் விரும்பிப் பார்த்தேன். கைதட்டல் இல்லை, கூட்டம் இல்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட வைத்து, மூச்சு எங்கே உடைகிறது, சொல் எங்கே தேய்கிறது என்று சுட்டிக் காட்டுகிறார்கள். மேடையில் முழங்கிப் பழகிய குரல், நான்கு சுவருக்குள் ஒலிவாங்கியின் முன் நின்றதும் திகைத்துப்போவதை அங்கே காணலாம். பாட்டு என்பது உழைப்பு என்று பிள்ளைகளுக்கு உணர்த்த விரும்பும் பெற்றோர் அந்தப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்துக் காட்டலாம்.

இனி, பரிசின் தன்மைக்கு வருவோம். வெற்றி பெற்றவருக்குக் கிளீ தொடரின் ஏழு அத்தியாயங்களில் இடம் என்பதே அறிவிப்பு. அந்த இடத்தை எழுதப் போகிறவரே இறுதித் தீர்ப்பையும் சொல்கிறார். பாடகரைத் தேடும் நடுவர் குரலைக் கேட்பார். நடிகரைத் தேடும் இயக்குநர் நடிப்பைப் பார்ப்பார். எழுத்தாளர் நடுவராக அமர்ந்துவிட்டால் அவர் தேடுவது வேறு. ‘இவரை வைத்து நான் என்ன எழுத முடியும்?’ என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குக் குரல் மட்டும் விடையாகாது. வாழ்க்கை வேண்டும், அதிலும் காயம்பட்ட வாழ்க்கை வேண்டும். திறமையைக் காட்ட வந்தவர்கள், சில வாரங்களுக்குள்ளேயே இதனைப் புரிந்துகொண்டு தம் கதையைக் காட்டத் தொடங்கிவிடுவதை நாம் பார்க்கிறோம்.

முதல் ஆண்டின் ‘மனம் திறத்தல்’ வாரத்தை இதற்குச் சான்றாகச் சொல்வேன். தம்மைப் பற்றித் தாமே நாணும் ஒன்றை, தம் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒன்றை, ஒவ்வொருவரும் ஒரே சொல்லில் பலகையில் எழுதி மார்பில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பலகையோடு மக்கள் நடமாடும் கடைத்தெருவில் நடக்க வேண்டும். அங்கே பாடல் படமாக்கப்படும். உடல் பருமனைப் பற்றி எழுதியவர் உண்டு. உணவை மறுக்கும் நோயால் துன்புற்றதை எழுதியவரும் உண்டு. காட்சி உருக்கமானது என்பதை மறுக்கவில்லை. உள்ளே புதைத்து வைத்ததை வெளியே சொல்லியதால் நெஞ்சு இலேசாயிற்று என்று அவர்களில் சிலர் கருதியிருக்கவும் கூடும். ஒரு நண்பனிடமோ மருத்துவரிடமோ மனம் திறந்தால் அது இலேசாவதற்காக. இங்கே மனம் திறந்த பிறகு மதிப்பீடு நடக்கிறது! போதிய அளவு திறக்கவில்லை என்று கருதப்பட்டவர் கடைசி மூவரில் நிற்க நேரும். துக்கத்துக்கு மதிப்பெண் போடும் வேலையை எந்தப் பள்ளியிலும் நாம் கண்டதில்லை.

முதல் ஆண்டில் கேமரன் மிட்செல் என்றோர் இளைஞர் இருந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் கித்தார், கூச்சம் கலந்த பேச்சு. நடுவர்களுக்கும் மர்ஃபிக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் இறைப்பற்று மிக்க கிறித்தவர். இணைந்து நடிக்க வேண்டிய ஒரு காட்சியில் உடன் நடித்த பெண் எதிர்பாராமல் அவரை முத்தமிட்டுவிட்டார். அது ‘நடிப்புத் துணிச்சல்’ என்று மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த இளைஞருக்கு அது தாங்கவில்லை. பின்னர் உடற்கவர்ச்சியையே தலைப்பாக்கிய வாரம் வந்தது. தம்மிடம் கேட்கப்படுவது தம் நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று அவர் உணர்ந்தார். மர்ஃபியின் முன் சென்று, தாம் விலகிக்கொள்வதாகச் சொன்னார். மர்ஃபி தடுத்துப் பார்த்தார்; இளைஞர் இணங்கவில்லை. பட்டியலில் பெயரைத் தேடாமலேயே வெளியேறினார்.

அந்தக் காட்சியை நாம் எப்படிப் பார்ப்பது? கலைஞன் என்றால் எதற்கும் அணியமாக இருக்க வேண்டும், கூச்சம் உள்ளவனுக்கு நடிப்பு எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் ஓரளவு பொருள் இருக்கிறது. கொலைகாரனாக நடிப்பவன் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை. ஆனால் இந்தப் போட்டி நடிப்பைக் கேட்கவில்லையே. ‘நீ யாராக இருக்கிறாயோ அதைக் கொண்டு வா, அதையே நான் எழுதுகிறேன்’ என்றல்லவா அழைத்தது? அந்த இளைஞரும் தாம் யாரோ அதைத்தான் கொண்டு வந்தார். அவருடைய நாணம் அவருடைய தன்மையின் ஒரு பகுதி. ‘ஹயா’ என்று நம் இல்லங்களில் நாம் போற்றுவது அதனைத்தான். தனித்தன்மையை முதல் வாரத்தில் முழங்கிய போட்டி, அந்தத் தனித்தன்மை ‘மாட்டேன்’ என்று சொன்ன வாரத்தில் என்ன செய்வதென்று அறியாமல் விழித்தது.

இதில் ஒரு பின்னிகழ்ச்சியும் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நடந்த இறுதிச் சுற்றில் வெற்றி இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் வட அயர்லாந்தின் டெர்ரி நகரைச் சேர்ந்த டேமியன் மக்கின்ட்டி. மற்றவர் சாமுவேல் லார்சன். டேமியனுக்கு அயர்லாந்திலிருந்து வந்து படிக்கும் மாணவன் வேடம். சாமுவேலுக்கு எழுதப்பட்டது ஜோ ஹார்ட் என்னும் பாத்திரம். வீட்டிலேயே படித்து வளர்ந்து, புதிதாகப் பள்ளிக்கு வரும் பக்திமிக்க கிறித்தவ இளைஞன். 2012 பிப்ரவரியில் அப்பாத்திரம் திரைக்கு வந்தது. வந்த சில வாரங்களிலேயே அவன் பக்திக்கும் ஒரு பெண்மீது கொண்ட ஈர்ப்புக்கும் இடையே தடுமாறுவதாகக் கதை நகர்ந்தது. ஆக, பற்றுள்ள கிறித்தவ இளைஞன் ஒருவன் தொடருக்குத் தேவைப்படத்தான் செய்தான். சாமுவேலின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதனைக் கூறவில்லை. நம்பிக்கை ஒரு பாத்திரத்தின் நிறமாக இருக்கும்வரை எழுத்தாளருக்கு அது வரவேற்கத்தக்கது. அது வளைய மறுக்கும்போது அவருடைய பேனாவுக்கு அங்கே வேலை இல்லாமற் போகிறது.

நம் வாசகர்கள் தனிக்கவனம் செலுத்த வேண்டியது இரண்டாம் ஆண்டை. அவ்வாண்டு இறுதிவரை வந்த மூவருள் ஒருவர் அய்லின் பைராமோலு. துருக்கிய வழிவந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். நல்ல குரல், துணிச்சலான பேச்சு. திரையில் தாம் செய்வதைக் குடும்பத்தார் எவ்வாறு எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலையை அவர் மறைக்கவில்லை. அவர் செய்தவை எல்லாம் நமக்கு உவப்பானவை என்று சொல்லமாட்டேன். அவருக்குத் தீர்ப்புச் சொல்வதும் திறனாய்வாளன் வேலையன்று. நான் கவனித்தது வேறு. அவரைப் பற்றிய பேச்சில் குரலுக்கு நிகராக அவருடைய பின்னணி இடம்பெற்றது. வீட்டின் கட்டுப்பாட்டுக்கும் தன் விருப்பத்துக்கும் இடையே நிற்கும் முஸ்லிம் பெண் என்பதே அவருடைய ‘கதை’யாக உருவெடுத்தது.

அது பொய்க்கதை அன்று, அவரே சொன்னதுதான். ஆனால் ஒரு பெண்ணிடம் எத்தனையோ கதைகள் இருக்கும். உம்மாவிடம் கற்ற பாட்டு இருக்கலாம். வாப்பாவோடு போட்ட சண்டையும் பிறகு கூடிய உறவும் இருக்கலாம். தராவீஹ் முடிந்து திரும்பிய இரவுகளின் சிரிப்பு இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்தது இருக்கலாம். இவையெல்லாம் எவருக்கும் தோன்றுவதில்லை. முஸ்லிம் வீட்டுப் பெண் என்றதும் எழுத்தாளர் மேசைக்கு வந்து சேர்வது ஒரே கதை: அவள் வீட்டை மீறுகிறாளா, மீறவில்லையா? இது கிளீ தொடருக்கு மட்டும் உரிய நோயன்று. மேலை நாட்டுத் தொடர்கள் பலவற்றில் நம் பெண்கள் அந்த ஒரே வாசலில்தான் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார்கள். போட்டியில் கலந்துகொண்ட பெண்ணும், தன்னிடம் எது கேட்கப்படுகிறது என்று அறிந்தபின் அந்தக் கதையைத்தானே எடுத்துக் கொடுப்பாள்? 2012 ஆகஸ்டில் வெற்றி பிளேக் ஜென்னர் என்பவருக்குப் போயிற்று. அய்லினுக்குப் பாத்திரம் கிடைக்கவில்லை. கிளீ தொடர் முடியும்வரை அதன் முதன்மைப் பாத்திரங்களில் ஒரு முஸ்லிம் பெண் இடம்பெறவும் இல்லை. கதையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகு வெறுங்கையோடு திரும்புவது, பாட்டில் தோற்றுத் திரும்புவதைவிடக் கசப்பானது. பாட்டில் தோற்றவனுக்குத் தன் கதையாவது தன்னிடம் மிஞ்சும்.

‘தோற்றவர்களைப் பற்றியே பேசுகிறீர்களே, நன்மை பெற்றவர்கள் இல்லையா?’ என்று கேட்கலாம். உண்டு. முதல் ஆண்டில் வெற்றி கிட்டாத இருவருக்கும் ஆளுக்கு இரண்டு அத்தியாயங்கள் வழங்கப்பட்டன. அவர்களுள் லின்ட்சி பியர்ஸ் பிற்காலத்தில், 2020இல், நியூயார்க் பிராட்வே அரங்கின் ‘விக்கெட்’ இசைநாடகத்தில் எல்ஃபபா என்னும் முதன்மை வேடத்துக்கு உயர்ந்தார். மற்றவர் அலெக்ஸ் நியூவெல். அவருக்கென எழுதப்பட்ட யுனிக் என்னும் திருநங்கைப் பாத்திரம் இரண்டு அத்தியாயங்களோடு நிற்கவில்லை; பின்னர் நிலையான பாத்திரமாகித் தொடரின் இறுதி ஆண்டுவரை நீடித்தது. வெற்றியாளர் இருவரின் பாத்திரங்களும் அத்தனை நாள் நிலைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எனவே, எழுத்தாளர் ஒருவரின் வாழ்வை எடுத்து எழுதினால் அது அவருக்குக் கேடாகத்தான் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. நியூவெலுக்கு அது ஏணியாயிற்று. ஆனால் 2023இல் அவருக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது யுனிக் அன்று. ‘ஷக்டு’ என்னும் இசைநாடகத்தில் லுலு என்னும் பெண்ணின் வேடம். அங்கே அவரது சொந்தக் கதை எவருக்கும் தேவைப்படவில்லை. அரங்கை நிறைத்தது குரல்.

மேலும் தெளிவான சான்று அலி ஸ்ட்ரோக்கர். இரண்டாம் வயதில் நேர்ந்த கார் விபத்தால் நடக்கவியலாமல் சக்கர நாற்காலியில் வாழ்பவர். இரண்டாம் ஆண்டின் இறுதி மூவரில் அவரும் ஒருவர். கிளீ தொடரில் ஆர்ட்டி என்றொரு மாணவன் உண்டு. அவனும் சக்கர நாற்காலிக்காரன். அவ்வேடத்தில் நடித்தவர் கெவின் மக்ஹேல் என்னும், நன்றாக நடக்கக்கூடிய நடிகர். ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தொடருக்கு, உண்மையாகவே நாற்காலியில் அமர்ந்து பாடும் ஒரு கலைஞர் வாசலில் வந்து நின்றார். அவருக்குக் கிடைத்தது 2013 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரே ஓர் அத்தியாயம்.

ஸ்ட்ரோக்கர் மேடைக்குத் திரும்பினார். 2015இல் பிராட்வே அரங்கில் நடித்த முதல் சக்கர நாற்காலிக் கலைஞர் என்னும் பெயர் பெற்றார். 2019இல் ‘ஓக்லஹோமா!’ இசைநாடகத்தின் மறு அரங்கேற்றத்தில் அடோ ஆன்னி என்னும் குறும்புக்காரப் பெண்ணாக நடித்தார். ராஜர்ஸும் ஹாமர்ஸ்டீனும் அந்நாடகத்தை 1943இல் மேடையேற்றியபோது சக்கர நாற்காலியை நினைத்தவர்கள் அல்லர். ஆன்னியின் துன்பம் நாற்காலியன்று. ஆடவர் எவர் கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராததுதான் அவளுடைய துன்பம்! தன் காயத்தைச் சொல்லி ஒரு வேடத்தை எழுதச் செய்வதற்கு மாறாக, எப்போதோ யாருக்காகவோ எழுதப்பட்ட வேடத்துக்குள் புகுந்து அதனைத் தனதாக்கிக்கொள்வது நடிப்புக் கலையின் பழைய வழி. போட்டி ஈராண்டோடு முடிந்துவிட்டது. ஆக்சிஜன் நிறுவனமும் 2017 முதல் குற்றச் செய்திகளைச் சொல்லும் தொலைக்காட்சியாக மாறிவிட்டது. பழைய வழி மட்டும் அரங்குகளில் இன்னும் திறந்திருக்கிறது.

அவ்வாண்டு ஜூன் மாதம் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் டோனி விருது விழா நடந்தது. அவ்விருதைப் பெற்ற முதல் சக்கர நாற்காலிக் கலைஞராக ஸ்ட்ரோக்கரின் பெயர் வாசிக்கப்பட்டது. மற்றவர்கள் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து படியேறி மேடைக்கு வந்தார்கள். அவர் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். பார்வையாளர் பகுதியிலிருந்து மேடைக்குச் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் அங்கே அமைக்கப்பட்டிருக்கவில்லை.